முள் சொல்வதும் குச்சி சொல்வதும்

மும்பையின் செம்பூரிலோ தேவ்நாரிலோ குடியிருப்பவர்களுக்கு மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்று திரும்பினால் வாடையே சொல்லிவிடும். எஸ்ஸோவின் ஆலை 1954-லும் பர்மா ஷெல்லின் ஆலை 1955-லும் இங்கே ஓடத் தொடங்கின. இன்று அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் இருக்கின்றன. அங்கே வடித்தெடுக்கும் டீசல் லாரிக்குப் போகிறது, டிராம்பே கோலிவாடா மீனவர்களின் படகுக்குப் போகிறது, கேட்வே ஆஃப் இந்தியா எதிரே நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுகளுக்கும் போகிறது.

பாய்மரப் படகுக்கு டீசல் எதற்கு என்று கேட்கலாம். காற்று விழுந்துவிட்டால் துறைக்குள் நுழைய இஞ்சின் வேண்டும். நடுக்கடலில் பேட்டரிக்கு மின்னேற்றவும் வேண்டும். தானியங்கிச் சுக்கான், செயற்கைக்கோள் தொலைபேசி, கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி எல்லாம் அந்தப் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். படகைத் தள்ளியது காற்றுதான். ஆனால் இந்த மாதிரிப் பயணத்தில் இடையில் டீசல் நிரப்பத் துறைமுகங்கள் நான்கே நான்கு. ஒரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வாரக்கணக்கில் தண்ணீர் மட்டும்தான். அந்த வாரங்களில் தொட்டிக்குள் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது சில்லறைக் கேள்வியாக இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்குப் படகில் உள்ள கருவிகளிலேயே மோசமாகப் பதில் சொல்வது, அதற்கென்றே பொருத்தப்பட்ட முள்மானிதான் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

காரின் டேங்க் ஏறக்குறைய பெட்டி வடிவம். பாய்மரப் படகில் அந்த வசதி கிடையாது. தரைக்குக் கீழே, படகின் அடிவயிறு குறுகிக்கொண்டே போகும் இடத்தில், மிச்சம் கிடக்கும் இடைவெளிக்குள் தொட்டியைச் செருகுவார்கள். மேலே அகலம், கீழே கூர்மை. அப்படி ஆங்கில 'வி' எழுத்தின் வெட்டுமுகம் கொண்ட, 50 செ.மீ. ஆழமும் 200 லிட்டர் கொள்ளளவும் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். முள் பாதியில் நிற்கிறது, அதாவது டீசல் 25 செ.மீ. உயரம். எத்தனை லிட்டர்? நூறு என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் 50. உயரம் பாதியாகும்போது அந்த மட்டத்தில் அகலமும் பாதியாகிவிடுகிறது. பாதியில் பாதி, கால். நூறு லிட்டர் இருக்க வேண்டுமானால் மட்டம் 35 செ.மீ.க்கு மேல் நிற்க வேண்டும். கடைசி 10 செ.மீ.யில் வெறும் 8 லிட்டர்தான் கிடக்கும்.

இதன் விளைவு விசித்திரமானது. பயணத்தின் முதல் பாதியில் முள் அசைவேனா என்று அடம்பிடிக்கும். 'இஞ்சின் இவ்வளவு கம்மியாகக் குடிக்கிறதே' என்று மகிழ்ந்து, இன்னும் கொஞ்சம் ஓட்டத் தோன்றும். பாதியைத் தாண்டியதும் முள் சரசரவென்று இறங்கும். முள்ளை இயக்கும் மிதவை உயரத்தைத்தான் அளக்கிறது. நமக்கு வேண்டியது கொள்ளளவு.

நகரத்துப் பெட்ரோல் பங்க்காரர்களுக்கு இது பழைய பாடம். நிலத்தடியில் அவர்கள் புதைத்திருக்கும் தொட்டி படுக்கவைத்த உருளை. அதில் பாதி உயரம் என்றால் பாதிக் கொள்ளளவுதான், சரி. ஆனால் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி அட்டவணை வைத்திருப்பார்கள். காலையில் செ.மீ. குறியிட்ட நீளக் கம்பியைத் தொட்டிக்குள் இறக்கி, நனைந்த உயரத்தைப் படித்து, அட்டவணையைப் பார்த்து லிட்டர் எழுதுவார்கள். கம்பியின் நுனியில் ஒரு பசையைத் தடவியிருப்பார்கள். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது பட்ட உயரம் வரைக்கும் பசையின் நிறம் மாறும். டீசலின் அடர்த்தியைப் பார்த்து, 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டு, லோடு வந்த சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டும்படி எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம். (கேட்பவர்கள் குறைவு; கேட்டால் பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.) கம்பி, பசை, அட்டவணை: கடலுக்குப் போகும் படகுக்கும் இந்த மூன்றும் போதும்.

ஆனால் பங்க்கின் தொட்டி சாயாது, படகு சாயும். பாய்மரப் படகு பக்கவாட்டுக் காற்றில் ஓடும்போது 15, 20 டிகிரி சாய்ந்தே மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் போகும். அரை டம்ளர் தண்ணீரைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு விளிம்பில் தண்ணீர் ஏறி மறுவிளிம்பில் அடி தெரிவதுபோலத்தான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. இப்போது தட்டையான அடி கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதே 200 லிட்டர், 50 செ.மீ. ஆழம், 60 செ.மீ. அகலம். 20 டிகிரி சாய்வில் ஒரு பக்கச் சுவரோரம் உள்ள மட்டத்துக்கும் மறுபக்கச் சுவரோரம் உள்ள மட்டத்துக்கும் 22 செ.மீ. வித்தியாசம் வரும். இஞ்சினுக்கு டீசல் உறிஞ்சும் குழாய் மேலே தூக்கிய பக்கத்துச் சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி, தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருந்தால், உள்ளே ஏறக்குறைய 40 லிட்டர் மிச்சமிருக்கும்போதே அது காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

டீசல் இஞ்சின் காற்றை விழுங்கினால் என்ன ஆகும் என்று லாரி டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 'ஏர் பிடிச்சிடுச்சு' என்று கீழே இறங்கி, ஸ்பானரோடு போராடி, ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கையால் பம்ப் அடித்து, பிறகுதான் கிளப்ப முடியும். நெடுஞ்சாலை ஓரத்தில் இது எரிச்சல். பாறைக்கரையை நோக்கிக் காற்று தள்ளிக்கொண்டிருக்கும் படகில், தலைகுப்புறக் கவிழ்ந்து இஞ்சின் அறைக்குள் வாந்தியை அடக்கிக்கொண்டு இதைச் செய்வது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே, 'தொட்டியில் எவ்வளவு இருக்கிறது' என்பது முழுக் கேள்வி ஆகாது. அதிலிருந்து எவ்வளவை உறிஞ்ச முடியும் என்பதே கேள்வி. இந்த இடத்தில் வேடிக்கையான ஒரு முரண் இருக்கிறது. அளப்பதற்குத் தொல்லை கொடுக்கும் கூர்மையான அடி கொண்ட தொட்டிதான் கடைசிச் சொட்டுவரை கொடுக்கும். அதன் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் குழாய் இருந்தால் வீணாகத் தங்குவது ஒரு லிட்டர்கூட இல்லை. அளக்க எளிதான தட்டை அடித் தொட்டி, படகு நேராக நிற்கும்போதே 12 லிட்டரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும்.

சாய்வின் தொல்லையைக் குறைக்க ஒரு வழி உண்டு. பெட்டி வடிவத் தொட்டியில், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்டநடுவில் உள்ள ஆழம் ஏறக்குறைய மாறாது. ஒரு பக்கம் ஏறுவதும் மறுபக்கம் இறங்குவதும் நடுவில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தரை ஒரு ஓரத்தில் காய்ந்து வெளிப்படும்வரை இது செல்லும். அதனால் அளக்கும் துளை நடுவில் இருக்க வேண்டும். தொட்டிக்குள் துளையிட்ட குறுக்குத் தகடுகளும் வேண்டும். டீசல் ஒரேயடியாக ஒரு பக்கம் பாய்ந்து படகின் நிலைப்பைக் கெடுக்காமல் அவை தடுக்கும்.

முள்ளுக்குத் திரும்புவோம். மிதவை ஏறி இறங்கும்போது அதன் கையோடு சேர்ந்த மின்தடை மாறுகிறது; அந்த மாற்றத்தை முள் காட்டுகிறது. உலகில் இதற்கு இரண்டு வழக்கங்கள் பரவலாக உள்ளன. அமெரிக்க முறையில் காலித் தொட்டிக்கு 240 ஓம், நிறைந்த தொட்டிக்கு 33 ஓம். ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. உப்புக்காற்றில் கம்பி அரித்து அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் ஏறிவிடும். அமெரிக்க மானி அப்போது 'காலி' என்று காட்டும்; பயந்துபோய்த் தொட்டியைத் திறந்து பார்ப்பீர்கள், கெடுதல் இல்லை. ஐரோப்பிய மானி 'நிறைவு' என்று காட்டும்! ஒன்றுக்கு மற்றொன்றின் மிதவையை மாற்றிப் பொருத்திவிட்டாலோ, முள் தலைகீழாக ஓடும். பழைய படகு வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேறு வழிகள் இல்லையா? உண்டு. தொட்டியின் அடிவரை ஒரு மெல்லிய குழாயை இறக்கி, கைப் பம்பால் காற்றை அடித்து, குமிழி வெளிவரத் தேவையான அழுத்தத்தை அளக்கலாம். 50 செ.மீ. டீசல் கொடுக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தில் 25-ல் ஒரு பங்கு அளவே என்றாலும், நல்ல மானியால் அதைப் படிக்க முடியும். மின்கம்பி கிடையாது, உள்ளே அசையும் உறுப்பு கிடையாது. எனக்குப் பிடித்த முறை இது. ஒளி ஊடுருவும் குழாயைப் பக்கவாட்டில் பொருத்தி மட்டத்தைக் கண்ணாலேயே பார்ப்பது இன்னொன்று. அடியில் அடைப்பான் வைத்து, பார்க்கும்போது மட்டும் திறக்க வேண்டும், இல்லையேல் குழாய் உடைந்தால் தொட்டி முழுவதும் படகுக்குள் கொட்டிவிடும்.

இஞ்சினுக்குப் போகும் டீசலை ஓட்டமானி வைத்து அளந்துவிடலாமே என்றும் தோன்றும். இங்கே ஒரு கண்ணி. டீசல் இஞ்சின் தனக்குத் தேவையானதைவிட அதிகம் உறிஞ்சி, எரித்ததுபோக மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். சில நவீன இஞ்சின்களில் இந்தத் திரும்புகால் மிக அதிகம். மணிக்கு 60 லிட்டர் போய் 57 திரும்பினால் எரிந்தது 3. போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று என இரண்டு மானிகள் வைத்து, ஒவ்வொன்றும் ஒரே ஒரு சதவீதம் எதிரெதிர்த் திசையில் பிழை செய்தால் மொத்தப் பிழை 1.17 லிட்டர். மூன்று லிட்டரில் அது 39 சதவீதம். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைத் தேடும் எந்த அளவையும் இப்படித்தான் காலை வாரும்.

கடைசியில் பழைய மாலுமிகள் செய்ததே மிஞ்சுகிறது: குச்சியும் நோட்டுப் புத்தகமும். காலித் தொட்டியில் 10 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோடுகள் சம இடைவெளியில் விழாது. அந்தச் சீரின்மையே தொட்டியின் உண்மையான வடிவம். இஞ்சின் ஓடிய மணிகளை நோட்டில் எழுதிவர வேண்டும். சிறிய டீசல் இஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் எரிக்கும். 10 கிலோவாட்டில் நிதானமாக ஓடினால் மணிக்கு 3 லிட்டர். குச்சி சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ கசிகிறது, அல்லது யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

கணக்கு கையில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. படகைத் தள்ளத் தேவையான திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். நூறு லிட்டரோடு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடினால், மணிக்கு 3 லிட்டர் வீதம் 200 கடல் மைல் போகலாம். மும்பையிலிருந்து கோவா 220 கடல் மைல் அளவு; கரை கண்ணுக்குத் தெரியும்போது இஞ்சின் நின்றுவிடும். வேகத்தை 5-ஆகக் குறைத்தால் அதே நூறு லிட்டர் 285 கடல் மைல் வரை வரும். எந்தக் கருவியும் வாங்காமல், கைப்பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்ததால் மட்டும் கிடைத்த தூரம். குறைந்த சுமையில் இஞ்சினின் திறமை சற்றுக் குறையும் என்பதால் முழுதாக இவ்வளவு கிடைக்காமல் போகலாம். ஆனாலும் கோவா வந்துவிடும். போக மூன்றில் ஒரு பங்கு, வர மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் ஆபத்துக்கு என்று பிரித்து வைக்கும் வழக்கமும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததே.

அளவு சரியாக இருந்தும் டீசல் கைவிட்ட சம்பவம் ஒன்று உண்டு. அதில் மும்பைக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது. உலகை நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் முதன்முதலில் சுற்றிவந்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968-69-ல் நடந்த ஒரு பந்தயத்தில். அவருடைய 'சுஹைலி' தேக்கு மரத்தால் இதே பம்பாயில் கட்டப்பட்ட படகு. அந்தப் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டில், 2018-ல், பழைய முறையிலேயே மறுபடி ஒரு பந்தயம் நடத்தினார்கள். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டிய 'துரியா'வில் கலந்துகொண்டார். இதற்கு முன்பே 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, 2013 மார்ச் 31 அன்று மும்பைக்கே திரும்பி, நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு புயல் துரியாவைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, டோமியின் முதுகெலும்பு அடிபட்டது, எழுந்து நிற்க முடியவில்லை. அருகில் இருந்தவர் அயர்லாந்தின் கிரெகர் மக்கக்கின். அதே புயலில் அவர் படகும் உருண்டு பாய்மரங்களை இழந்திருந்தது. அவரிடம் டீசல் இருந்தது. ஆனால் படகு உருண்டதில் அது கெட்டுப்போயிருந்ததால் இஞ்சின் கைகொடுக்கவில்லை. மிச்சமிருந்த கட்டைகளில் தற்காலிகப் பாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு டோமியை நோக்கி மெதுவாக ஊர்ந்தார். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கிளம்பி மொரீஷியஸ் வழியாகப் பறந்த பி-8ஐ விமானம் டோமியின் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் அவரை மீட்டது. அதன்பின் மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது.

படகு உருளும்போது டீசலுக்கு என்ன ஆகிறது? தொட்டியின் அடியில் வருடக்கணக்கில் படிந்த கசடும் தண்ணீரும் ஒரே நொடியில் டீசலோடு கலந்துவிடுகின்றன. தொட்டி மூச்சுவிடும் குழாயின் வாய் கடலுக்குள் மூழ்கினால் அந்த வழியாக உப்புநீரும் நுழையும். உருள வேண்டும் என்றுகூட இல்லை; நாலு மணி நேரம் நல்ல அலையில் குலுங்கினாலே கசடு கிளம்பி ஃபில்டரை அடைத்துவிடும். துறைக்குள் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய இஞ்சின், நமக்கு அவசியமான அதே புயல் நாளில் நின்றுபோவது தற்செயல் கிடையாது.

அந்தக் கசடில் பெரும்பகுதி உயிருள்ளது. டீசலுக்கும் அதன் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும். தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு வாழ்க்கை இல்லை. ஆகவே பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது இரண்டாவது வேலை; தண்ணீரை வடிப்பதுதான் முதல் வேலை. தொட்டியின் ஆக அடியில் ஒரு வடிகுழாயும், இஞ்சினுக்கு முன் கண்ணாடிக் கிண்ணம் வைத்த நீர்ப்பிரிப்பு ஃபில்டரும் இதற்காகவே. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பி.எஸ்.-6 டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் சேர்க்கத் தர விதி இடம்கொடுக்கிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சொட்டுகிறது, அதனால் தொட்டியை எப்போதும் நிரப்பியே வை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். மும்பை மழைக்காலத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரியில் முழு ஈரமான ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். பாதி காலியான 200 லிட்டர் தொட்டியில் காற்று 100 லிட்டர். அதில் மொத்த நீராவியே 3 கிராம். பகலுக்கும் இரவுக்கும் 6 டிகிரி வித்தியாசம் என்றால், தொட்டி ஒரு நாளில் புதிதாக உள்ளிழுக்கும் காற்று 2 லிட்டர். அதனோடு வரும் ஈரம் ஒரு கிராமில் நூறில் ஆறு பங்கு. நான்கு மாத மழைக்காலம் முழுக்க, எல்லாமே சொட்டாகிவிட்டாலும், 7 கிராம். இரண்டு ஸ்பூனுக்கும் குறைவு. ஃபில்டர் கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டு காற்றின் ஈரத்தைக் குறை சொல்வது அநியாயம். குற்றவாளி பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும் நிரப்பும் வாயின் மூடி. அதிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருக்கும். ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு அலையும் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும்.

விளிம்புவரை நிரப்புவதிலும் ஆபத்து இருக்கிறது. நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியோடு வந்த 200 லிட்டர் டீசல், படகில் 15 டிகிரி சூடேறினால் இரண்டரை லிட்டர் விரியும். இடம் இல்லாவிட்டால் மூச்சுக்குழாய் வழியாகக் கடலில் வழியும். நூற்றுக்கு ஐந்து பங்கு காலியாக விடுவதே முறை.

மகாராஷ்டிரக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. பாய்மரப் படகுகளையும் மழைக்கு முன் கரையேற்றிவிடுவார்கள். தொட்டிகள் அசையாமல் கிடக்கும் இந்த இரண்டு மூன்று மாதம்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். படகு வைத்திருப்பவர்களுக்கு, அது ராமேஸ்வரத்து விசைப்படகாக இருந்தாலும் கேட்வே எதிரே நிற்கும் பாய்மரப் படகாக இருந்தாலும், சொல்ல விரும்புவது இதுதான்: புது மானிக்குப் பணம் ஒதுக்குமுன் அந்த மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், தொட்டியின் அடித் தண்ணீரை வடித்துவிடுங்கள், ஒரு குச்சியில் கோடு கிழித்து வையுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, நடுக்கடலில் ஒரு தடவை கட்டி இழுத்துவரச் சொல்லி இன்னொரு படகைக் கூப்பிடும் செலவில் ஒரு சிறு பங்குகூட வராது.